அக்காவின் தவளை

சனவரி 14

அன்புத் தம்பிக்கு,

இங்கே நான் நலம். என் முழங்கால்கள் மட்டும் என்னோடு உடன்பட மறுக்கின்றன. உன் இருமல் எப்படி இருக்கிறது? உன் மனைவி மறைந்த பின் வரும் முதல் குளிர்காலம் இது. வெந்நீர் வைத்துக் குடிக்கிறாயா, அல்லது வெந்நீரின் சிறப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே அதை ஆறவிட்டுவிடுகிறாயா?

ஒரு செய்தி. நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். நான் கார் வாங்கிவிட்டேன்.

புதியது அன்று. நான் மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்த காலத்தில் பிறந்தது. விளக்குகள் இரண்டும் வெளியே பிதுங்கி, வாய் அகன்று, குந்தியிருக்கும் தவளையைப் போலவே இருக்கும். வெண்ணெய் நிறம். எங்கள் பல் மருத்துவர் காலமானார் அல்லவா, அவருடைய கொட்டகையில் துணி போர்த்திக் கிடந்தது. அவர் மனைவியைப் பார்த்து ஆறுதல் சொல்லப் போனவள் அந்தத் துணியை விலக்கினேன். அவ்வளவுதான்.

"என்ன சிஸ்டர், அப்படிப் பாக்குறீங்க?" என்றார் அந்த அம்மா.

"இது ஓடுமா?"

"அவர் இருந்தவரைக்கும் ஓடுச்சு. அவர் நின்னாரு, இதுவும் நின்னுடுச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க எடுத்துக்கறதுன்னா சந்தோஷமா தர்றேன். வேற யாராவது வந்தா தகரமாத்தான் பாப்பாங்க."

உரிய விலை கொடுத்துத்தான் வாங்கினேன். எவ்வளவு என்று கேட்காதே.

எனக்கு ஓட்டத் தெரியும். மருத்துவமனை வண்டியின் ஓட்டுநர் வராத நாட்களில் நானே எடுத்திருக்கிறேன். வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. ஆனால் கேள்: இக்காலத்துக் கார்களின் மூடியைத் திறந்தால் உள்ளே இன்னொரு மூடி இருக்கிறது. இதற்குப் பொறி பின்பக்கம். அந்த மூடியைத் தூக்கினேன்; உறுப்புகள் எல்லாம் கண்முன்னே இருந்தன. எது எதனோடு சேர்கிறது என்று விரலால் தொட்டுத் தொடர்ந்து போகலாம். ஆயுள் முழுதும் அறுவை அறையில் நின்றவள் நான். திறந்து பார்க்கக்கூடிய ஓர் உடம்பைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

பேருந்து நிறுத்தம் மேட்டின் உச்சியில் இருக்கிறது, அதனால் வாங்கினேன் என்று அடுத்த வீட்டாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கு மட்டும் உண்மை: பிடித்திருந்தது, வாங்கினேன்.

மாத்திரையை நேரத்துக்கு விழுங்கு.

உன் அக்கா


சனவரி 29

என் வணக்கத்துக்குரிய அக்காவுக்கு,

இருமல் நின்றது. உன் கடிதம் கண்டு மூச்சும் நின்றது.

ஆலை வாயில்களில் நின்று தொழிலாளர் பெருங்கூட்டத்தின் முன் முழங்கியவன் நான். 'ஒலிபெருக்கி' என்று நீ விளையாட்டாக வைத்த பெயரைச் சங்கமே ஏற்றுக்கொண்டது. முதலாளிகள் எதிரே அமர்ந்து மறுத்துப் பேசியபோதும் சொல்லுக்குத் திணறாதவன், நேற்று உன் மடலை மடியில் வைத்துக்கொண்டு வாயடைத்து அமர்ந்திருந்தேன். திருகாணி எந்தப் பக்கம் சுழலும் என்று அறியாத குடும்பம் நம்முடையது. நம் வீட்டு மிதிவண்டியின் சங்கிலி கழன்றால் அப்பா அதை உருட்டிக்கொண்டே வேலைக்குப் போவார். அந்த மரபில் வந்த நீ, தள்ளாத வயதில், தள்ளாடும் சிற்றுந்தை வாங்கியிருக்கிறாய்! அது நடுச்சாலையில் நின்றால் யாரை அழைப்பாய்? மழையில் நின்றால்? சரிவில் நிற்காமல் போனால்?

ஆகவே ஒரு பந்தயம். பழைய வண்டிகளை அக்டோபரில் அரசு ஆய்வாளர் சோதிப்பாராம், விசாரித்து வைத்திருக்கிறேன். உன் தவளை அதில் தேறினால் இந்த ஒலிபெருக்கி இனி அதைப் பற்றி வாய் திறக்காது. தேறாவிட்டால் நீ அதை விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, இங்கே வந்துவிட வேண்டும். கிழக்கு அறை காலியாகத்தான் இருக்கிறது.

முழுக்க முழுக்க உன் நன்மைக்காகவே சொல்கிறேன். எனக்கென்ன, நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. குரல் நன்றாக எதிரொலிக்கிறது.

முழங்காலுக்குத் தைலம் தேய்க்க மறவாதே.

அன்புத் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள ஒலிபெருக்கிக்கு,

தைலம் தேய்த்தேன், முழங்கால் கொஞ்சம் இரங்கியிருக்கிறது. நீ நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். நீ அதைப் பற்றி எழுதவில்லை.

பந்தயத்துக்கு உடன்படுகிறேன். ஆனால் தோற்க மாட்டேன். இந்த வீட்டில் நான் எந்த நேரத்தில் எந்த விளக்கைப் போட்டாலும் யாரும் ஏனென்று கேட்பதில்லை. உன் வீட்டில் எவ்வளவு அன்பு இருந்தாலும் நான் விருந்தாளிதான். ஒரு விருந்தாளி அதிகாலையில் எழுந்து நாற்காலிகளை இடம் மாற்றிப் போட முடியுமா? எனக்கு அது வேண்டும்.

இனி என் முதல் தோல்வியைச் சொல்கிறேன், சிரிக்காதே. பின்மூடியைத் திறந்தவுடன் என் கண்ணில் பட்டது அழுக்கு. எந்த மூட்டைத் தொட்டாலும் கறுப்பாய், பிசுபிசுப்பாய் ஏதோ அப்பியிருந்தது. என் அறுவை அறையில் அப்படி ஒரு மூலை இருந்திருந்தால் பொறுப்புச் செவிலியை வெளியே நிறுத்தியிருப்பேன். கையுறை மாட்டினேன். வெந்நீர், சோப்பு, அதன்பின் ஸ்பிரிட். துருத்திய இடமெல்லாம் பஞ்சால் ஒற்றி எடுத்தேன். மாலைக்குள் பொறி பளபளத்தது. சாவியைத் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. கதவைத் திறந்தேன், அது வலியில் கத்தியது.

தெருமுனைப் பட்டறைக்காரரை அழைத்தேன். எதற்கெடுத்தாலும் 'பொறுமை, பொறுமை' என்பவர். தெருவில் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது. வந்து குனிந்து பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"சிஸ்டர், இங்க இருந்த கிரீஸெல்லாம் எங்க?"

"அழுக்கா இருந்துச்சு. துடைச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒரு பொட்டுகூட விடல."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். "அது அழுக்கு இல்ல சிஸ்டர், அதுதான் மருந்து. நோயாளி வாயில இருந்த மாத்திரையைத் துப்ப வச்சிட்டீங்களே!"

மின்தீப்பொறி தரும் பகுதிக்குள் நான் ஊற்றிய சோப்பு நீர் தேங்கியிருந்தது. அதைக் காயவைத்து, மூட்டுகளுக்கெல்லாம் மறுபடியும் அழுக்கு பூசினோம். நானே பூசினேன். அப்போது எனக்கு ஏற்பட்ட கூச்சத்தை நீ நினைத்துப் பார்க்க முடியாது.

குளிர் குறையும்வரை காதைப் போர்த்திக்கொள்.

அக்கா


மார்ச்சு 8

ஒப்பற்ற அக்காவுக்கு,

நான் நலம். வயிறு மட்டும் வலிக்கிறது. உன் கடிதத்தைப் படித்துச் சிரித்த வலி. 'சிரிக்காதே' என்று தடை விதித்து இப்படி எழுதுவது எந்த ஊர் நீதி?

இங்கே குடியிருப்போர் கூட்டத்தில் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்பது பற்றி உரையாற்றினேன். தூய்மை என்பது உரிமையின் முதற்படி என்று தொடங்கினேன். கீழ்வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் எழுந்து, "சார், தொட்டி வாசலுக்கு இடப்பக்கமா, வலப்பக்கமா? அதை மட்டும் சொல்லிடுங்க, சோறு ஆறுது," என்றார். மேடையைக் கவிழ்க்கும் எதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். பசியோடு வருபவனை வெல்ல முடியாது.

நிற்க. கிழக்கு அறைச் சன்னலுக்குத் திரைச்சீலை வாங்கலாம் என்று எண்ணுகிறேன். நீலமா, பச்சையா? பொதுவாகத்தான் கேட்கிறேன். அந்தப் பக்கம் வெயில் அதிகம்.

கையுறையோடு கார் துடைத்தவளின் தம்பி என்பதில் பெருமை கொள்ளும்,

ஒலிபெருக்கி


மே 2

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாய் இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். நான் நலம். திரைச்சீலைக்குப் பச்சை நல்லது. ஆனால் எனக்காக வாங்காதே.

கடந்த வாரம் தவளைக்குப் பெரிய அறுவை நடந்தது. மூச்சுத் திணறி, நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார் பொறுமை. என் வீட்டிலேயே செய்யுங்கள் என்று சொல்லி, தரையில் வெள்ளைத் துணி விரித்தேன்.

"வெள்ளைத் துணியா? சிஸ்டர், பட்டறையில நாங்க தொப்பியில போட்டு வைப்போம்."

"இங்க துணியிலதான் வைக்கணும். கழட்டுற ஒவ்வொண்ணையும் என் கையில குடுங்க."

அறுவை அறையில் எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். வயிற்றைத் திறக்குமுன் பஞ்சு, கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் எண்ண வேண்டும். மூடுமுன் மறுபடியும் எண்ண வேண்டும். எண்ணிக்கை சேராமல் தையல் போடக் கூடாது. பெரிய மருத்துவர் கத்தினாலும் கூடாது. நான் அப்படியே எண்ணினேன். பொறுமை சிரித்துக்கொண்டே கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டத் தொடங்கினார். கடைசியில் துணி காலியாயிற்று. ஆனால் மாட்ட வேண்டிய இடம் ஒன்று மீதமிருந்தது.

"ஒரு நட்டு குறையுது," என்றேன்.

"எங்கயாவது உருண்டிருக்கும். எங்கிட்டதான் டப்பா நிறைய இருக்கே, ஒண்ணு போட்டுக்கலாம். சாவியைத் திருப்புங்க."

"திருப்ப மாட்டேன். எண்ணிக்கை சேரல."

"ஒரு நட்டுக்கா சிஸ்டர்? பொறுமை, பொறுமை!"

"உங்க பேரை நீங்களே கூப்பிட்டுக்காதீங்க. தேடுங்க."

தரையில் தேடினோம். அவர் சட்டைப் பையைக் கவிழ்த்தோம். அவர் எரிச்சலோடு வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தார். நான் அசையவில்லை. பிறகு, மாட்டியதையே மறுபடி கழற்றச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது, ஆனாலும் கழற்றினார். விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். பொறிக்குள் காற்றுப் போகும் குழாயின் தொண்டையில், உள்ளே விழ ஒரு நூலளவு மிச்சம் வைத்து, அந்த நட்டு மின்னிக்கொண்டிருந்தது.

பணி ஓய்வின்போது எனக்குப் பரிசாகத் தந்த நீள இடுக்கியைக் கொண்டுவந்து எடுத்தேன்.  வெள்ளைத் துணியில் வைத்து, முதலிலிருந்து ஒருமுறை எண்ணினேன்.

பொறுமை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "திருப்பியிருந்தா முழுங்கியிருக்கும். என்ஜினே போயிருக்கும்," என்றார். பிறகு தன் தொப்பியை எடுத்து என் வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "வெள்ளைத் துணி என்ன விலை சிஸ்டர்?" என்று கேட்டார்.

இப்போது தவளை நன்றாக மூச்சு விடுகிறது. உன் மூச்சு எப்படி?

அக்கா


மே 15

வெற்றி வேங்கை என் அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான் படித்தேன் என்று சொல்வது பொருந்தாது. எழுந்து நின்று முழங்கினேன். வீட்டில் கேட்க ஆளில்லாமையால் குடியிருப்போர் கூட்டத்துக்கு எடுத்துப் போய் மறுபடியும் முழங்கினேன். என் சொந்த உரைகளுக்குக் கொட்டாவி விடும் கூட்டம், 'எண்ணிக்கை சேரல' என்ற இடத்தில் மூச்சை அடக்கிக்கொண்டது. நட்டு கிடைத்ததும் கைதட்டியது. தபால்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க அக்கா நம்ம லிஃப்டைப் பாக்க ஒருதரம் வருவாங்களா?" என்று கேட்டார்.

அக்கா, நான் வாழ்நாள் முழுதும் உறுதி, உறுதி என்று மேடையில் கூவினேன். ஆயிரம் பேர் பின்னால் நிற்கும்போது உறுதியாய் இருப்பது எளிது. 'ஒரு நட்டுதானே' என்று சிரிப்பவர் எதிரே தனியாக நின்று 'திருப்ப மாட்டேன்' என்றாயே, அதற்கு முன்னால் என் உரைகளெல்லாம் சிறுத்துப்போயின. இதைப் புகழுக்காகச் சொல்லவில்லை. உன்னைப் பற்றி எனக்கு இவ்வளவு காலம் பாதிதான் தெரிந்திருக்கிறது என்று வெட்கத்தோடு சொல்கிறேன்.

கிழக்கு அறைக்கு ஒரு கட்டில் வாங்கினேன். தவறாக எண்ணாதே, தள்ளுபடியில் கிடைத்தது.

உடல்நலம் பேணுக.

தம்பி


ஆகஸ்டு 3

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்: எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

சூன் முழுதும் தவளையும் நானும் ஊர் சுற்றினோம். சன்னலை இறக்கிவிட்டால் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. சிவப்பு விளக்கில் நின்றால் பக்கத்துப் பெரிய காரில் இருப்பவர்கள் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள், நான் கையசைக்கிறேன். பல் மருத்துவரின் மனைவியை ஏரிக்கரைவரை கூட்டிப்போனேன். அவர் இறங்கும்போது இருக்கையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

முந்தாநாள் எங்கள் மேட்டுச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை.

அறுவை அறையில் திடீரென்று குருதி பீறிட்டால் நாங்கள் கத்துவதில்லை. அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று மட்டும் பார்ப்போம். கியரைக் குறைத்தேன். ஒலிப்பானை விடாமல் அழுத்தினேன். கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ரொட்டிக் கடைச் சுவருக்கு ஒரு கை இடைவெளியில் தவளை நின்றது. கடைக்காரர் மாவுக் கையோடு ஓடிவந்தார்.

"என்ன சிஸ்டர், ரொட்டி வேணும்னா வாசல்ல நின்னு கூப்பிட்டா போதாதா? வண்டியோட உள்ளயே வர்றீங்க?"

சிரித்தேன். வீட்டுக்கு வந்து வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிரேக் எண்ணெயை அழுத்தி அனுப்பும் உருளைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் கிழிந்துவிட்டது. இந்த வண்டிக்கு உரிய வளையம் இங்கே எங்கும் இல்லை. "பொறுமையாத் தேடணும் சிஸ்டர்," என்றார் பொறுமை. அக்டோபர் பொறுமையாய் இருக்காது என்றேன். வேறு வண்டியின் வளையத்தைச் செதுக்கிப் போடலாம் என்றார், மறுத்துவிட்டேன். அளவு சேராத எதையும் நான் உள்ளே வைத்து மூட விட்டதில்லை.

உன்னுடையது பெருநகரம். பழைய உதிரிகள் விற்கும் தெரு ஒன்று அங்கே உண்டாம். உருளையின் படத்தையும் அளவையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீ தேடித் தருவாயா? கிடைக்காவிட்டால் தவளை ஆய்வில் தேறாது. வாக்கு வாக்குத்தான், விற்றுவிட்டு வந்துவிடுவேன். பச்சைத் திரைச்சீலையைப் பழகிக்கொள்வேன்.

அக்கா


செப்டம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாய் இருக்கிறாயா? சரிவின் செய்தியைப் படித்தபின் நான் சில நாள் நலமாய் இல்லை. இப்போது பரவாயில்லை. மறுமொழி தாமதமாயிற்று; பொறுத்துக்கொள்.

உதிரித் தெருவுக்குப் போனேன். வெள்ளை வேட்டியோடு அங்கே போனது முதற்பிழை. இரும்புக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கடைக்காரரிடம், நான் அறிந்த முறையில், வணக்கம் கூறித் தொடங்கினேன்.

"ஐயா, சிற்றுந்தின் தடுப்பு உருளைக்குள் அமையும் நெகிழ் வளையம் தங்களிடம் உண்டா?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "சார், லைசென்ஸெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு."

"நான் அதிகாரி அல்லன் ஐயா. என் அக்காவின் சிற்றுந்துக்கு..."

"அக்கா எந்த டிபார்ட்மெண்டு?"

நீ அனுப்பிய உருளைப் படத்தைக் காட்டினேன். "அட, பிரேக் வாஷரு! இதைச் சொல்லவா இவ்வளவு நேரம் சார்?" என்று கேட்டுவிட்டு, வண்டியின் பெயரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். கடை கடையாக ஏறி இறங்கினேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். கடைசியில் அதே மனிதர் எங்கோ பரண்மேல் கிடந்த தகரப் பெட்டியிலிருந்து, தாள்கூடப் பிரிக்காத ஒன்றை எடுத்துத் தந்தார். நீ சரிவில் வண்டியை நிறுத்திய கதையைச் சொன்னேன். "அந்த அம்மாவுக்குன்னா ஒண்ணு எக்ஸ்ட்ராவும் வச்சுக்கங்க," என்று மற்றொன்றையும் சேர்த்தார்.

இரண்டையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கிடைத்துச் சில காலமாயிற்று. மேசைமேலேயே இருந்தன. வேலை மிகுதி.

ரொட்டிக் கடைச் சுவர்முன் நின்றவள் ஒரு ரப்பர் துண்டுக்காகத் தோற்கக் கூடாது. தேறி வா.

தம்பி


அக்டோபர் 24

என் அருமைத் தம்பிக்கு,

நான் நலம், தவளையும் நலம். தேறிவிட்டது!

ஆய்வுத் திடலில் எங்களுக்கு முன்னும் பின்னும் பெரிய பெரிய வண்டிகள். ஆய்வாளர் ஓர் இளம்பெண். முடியை இறுக்கிக் கட்டி, பேனாவைக் காதில் செருகியிருந்தாள்.

"டிரைவர் எங்கம்மா?"

"நான்தான்."

"மெக்கானிக்?"

"அதுவும் பாதி நான்தான்." பின்னால் நின்ற பொறுமை இருமினார்.

அவள் என்னை இறங்கச் சொல்லித் தானே உள்ளே உட்கார்ந்தாள். சாவியை ஒரே ஒரு முறை திருப்பினாள். தவளை உடனே உறுமியது. அவள் புருவம் உயர்ந்தது. திடலைச் சுற்றி வந்து, வெள்ளைக் கோட்டருகே பிரேக்கை ஓங்கி மிதித்தாள். கோட்டின்மேல் மூக்கை வைத்தாற்போல் நின்றது. பிறகு பின்மூடியைத் திறந்தவள் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும்மா இவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிறது? காலையிலேருந்து நான் பார்த்ததுல இதுதான் பெஸ்ட்."

நான் அழவில்லை. பொறுமை அழுதார். கேட்டால் புகை என்கிறார்.

இந்த வெற்றியில் உன் பங்கு என் பங்கைவிடப் பெரிது. நான் தோற்றிருந்தால் உன் வீட்டுக்கு வந்திருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினாய்.

வேலை மிகுதி என்று எழுதியிருந்தாய். என்ன வேலை என்று எழுதவில்லை.

உன் அக்கா


நவம்பர் 9

வெற்றித் திருமகளாம் என் அக்காவுக்கு,

நலம். நீயும் அவ்வாறே எனக் கடிதம் சொல்கிறது.

தோற்றேன், மகிழ்ந்து தோற்றேன். என் வாழ்வில் பல போராட்டங்களில் தோற்றிருக்கிறேன். எதிரியின் வெற்றியைத் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தது இதுவே முதல்முறை. உதிரிக் கடைக்காரரிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் பக்கத்துக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்ல வைத்தார். திருகாணி திருப்பத் தெரியாத குடும்பத்தில் பிறந்து, இந்த வயதில் ஒரு பொறியை உயிரோடு மீட்டெடுத்தவள் நீ. ஒப்பந்தப்படி இனி உன் தவளையைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன்.

கட்டிலைத் தபால்காரருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருக்கிறாள்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். குடியிருப்போர் கூட்டம் இப்போது கூடுவதில்லை. எல்லாவற்றையும் அறிவிப்பாக எழுதி ஒட்டிவிடுகிறார்கள். ஆகவே நேரம் இருக்கிறது. வானொலிச் செய்தியோடு வாதாடுகிறேன். பெரும்பாலும் நானே வெல்கிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. கவனமாக ஓட்டு.

தம்பி


நவம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

நான் நலமே. வண்டிக்குத்தான் நலமில்லை.

ஆய்வு முடிந்த சில நாட்களிலேயே தவளை பிடிவாதம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்ப மறுக்கிறது. பின்னால் ஒருவர் நின்று கொஞ்ச தூரம் தள்ளினால் கிளம்பிவிடும். நான் உள்ளே உட்கார்ந்து கியரைப் போட வேண்டும். ஆகவே நானே தள்ள முடியாது. பொறுமைக்கு இடுப்பு வலி. ரொட்டிக் கடைக்காரருக்குக் காலையில்தான் வியாபாரம். தெருவில் மற்றவர்களைத் தினமும் கூப்பிட்டால் நான் வருகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

எனவே தள்ளுவதற்கு நிலையாக ஓர் ஆள் தேவை. சம்பளம் கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடும், தெருவைப் பார்த்த மாடி அறையும் உண்டு. கைகளில் வலு இருக்க வேண்டும். பேச்சு வன்மை கட்டாயமில்லை. இருந்தால் குறையாகக் கருதப்படாது, ஏனெனில் ஏரிக்கரைவரை போய்வர நெடுநேரம் ஆகிறது, வண்டியில் வானொலி இல்லை. விருந்தாளிகள் விண்ணப்பிக்க வேண்டாம். வேலையாள் வேண்டும்.

உனக்குத் தெரிந்தவர் எவரேனும் இருந்தால் சொல். விரைவில் வேண்டும்.

அக்கா


நவம்பர் 25

அக்கா,

நலம் விசாரிக்கும் வரிகளை இம்முறை விட்டுவிடுகிறேன், நேரில் விசாரித்துக்கொள்ளலாம்.

ஆய்வாளர் ஒரே திருப்பில் கிளப்பினாள் என்று எழுதியவள் நீ. கிளம்பாத வண்டியைத் தேற வைக்க அவள் உன் சித்தி மகள் அல்லள். மேடையாக இருந்தால் இதை வைத்தே விடியும்வரை வாதாடி உன் கட்சியைத் தவிடுபொடி ஆக்கியிருப்பேன்.

வாதாடவில்லை. விண்ணப்பிக்கிறேன்.

வீட்டுச் சாவியைத் தபால்காரரிடம் கொடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்தில் வருகிறேன். நிலையத்துக்குத் தவளையை எடுத்து வா, அது கிளம்பும். ஆனால் உன் தெருமுனை வந்ததும் ஒருமுறை அணைத்துவிடு. பொறுமையும் ரொட்டிக் கடைக்காரரும் பார்க்க, நான் இறங்கித் தள்ள வேண்டும்.

தம்பி